மழைக்கு முன் நான்கு டயர்: தினமும் ஓடும் விஆர்எஸ் 245-க்கு எதைப் போடுவது?

செப்டம்பர் முடிவதற்குள் டயர் மாற்றியாக வேண்டிய நிலை. முன்பக்கம் இரண்டிலும் வரிகளின் ஆழம் 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டது. பின்பக்க இடது டயரில், வெளியே நின்று பார்த்தால் தெரியாத உள்பக்கச் சுவரில், எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி ஒட்டிய மாதிரி ஒரு வீக்கம். அலைன்மென்ட்டுக்காக வண்டியைத் தூக்கியபோதுதான் அது கண்ணில் பட்டது. அந்த வீக்கத்தோடு எத்தனை நாள் பைபாஸில் நூறில் போயிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. வண்டி ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 245, 2020-இல் முழு வண்டியாக இறக்குமதியாகி இந்தியாவில் 200 மட்டுமே விற்பனைக்கு வந்த மாடல்.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: இருப்பதிலேயே நல்ல ஸ்போர்ட் டயரைப் போடு, இந்த வண்டிக்குப் போய் காசு பார்க்காதே. அந்தப் பதில் தப்பில்லை, ஆனால் பாதிதான். வாரத்தில் ஐந்து நாள் சென்னை அண்ணா நகரில் இருந்து சிறுசேரிக்குப் போய்வருகிற வண்டி இது. மெட்ரோ வேலை நடக்கும் ஓஎம்ஆரில் ஊர்ந்து, மாதம் ஒருமுறை பெங்களூர் நெடுஞ்சாலையில் ஓடி, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மலை ஏறும். இதற்கு "நல்ல டயர்" என்றால் என்ன என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். என் வரிசையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஈரத் தரையில் பிரேக் முதலில், பள்ளத்தைத் தாங்குகிற பக்கச்சுவர் இரண்டாவது, டயர் எப்போது தயாரானது என்பது மூன்றாவது, ஸ்டீயரிங் உணர்வு நான்காவது. காய்ந்த தரையின் பிடிப்பு கடைசி. நான் பார்த்த டயர்களில் எதை எடுத்தாலும் காய்ந்த ரோட்டில் எனக்குத் தேவையானதை விடக் கூடுதலாகவே பிடிக்கும்.

ஏன் ஈரத்துக்கு முதலிடம் என்று ஒரு சின்ன கணக்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் முழு பிரேக் அடிக்கிறீர்கள். ஈரத் தரையில் உராய்வுக் குணகம் 0.6 தருகிற டயர் என்றால் சுமார் 42 மீட்டரில் வண்டி நிற்கும். அதே இடத்தில் 0.5 மட்டுமே தருகிற டயர் என்றால் 50 மீட்டர் ஆகும். எட்டு மீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் முதல் வண்டி முழுதாக நின்றுவிட்ட அந்தப் புள்ளியில் இரண்டாவது வண்டி இன்னும் சுமார் 33 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முன்னால் குறுக்கே வருவது பைக்கில் வரும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு டயர் என்றால் இந்த எட்டு மீட்டர்தான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

வண்டி என்ன கேட்கிறது என்றும் பார்க்க வேண்டும். 245 பிஎஸ் குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, எல்லாமே முன் சக்கரங்கள் வழியாக. எலக்ட்ரானிக் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் சக்தியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு) இருப்பதால் வளைவில் இருந்து வெளியே வரும்போது முன் டயர்கள் இரண்டுமே இழுக்கின்றன, அதனால் இரண்டுமே தேய்கின்றன. திசைதிருப்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாம் முன்பக்கத்தின் தலையில்தான். அசல் அளவு 225/40 ஆர்18. அதாவது அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 40 சதவீதம், 90 மில்லிமீட்டர், ரிம் 18 இன்ச். ஒரு கை அகலம்தான். இதில் 92ஒய் என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். 92 என்றால் ஒரு டயர் 630 கிலோ தாங்கும், ஒய் என்றால் 300 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். நம் ஊரில் யாருக்கும் 300 தேவையில்லைதான், ஆனால் மே மாதத்து மதியத்தில் நான்கு பேரும் பெட்டிகளுமாக நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓடும்போது வெப்பத்தைத் தாங்குவதும் அதே கட்டுமானம்தான். விலை குறைகிறது என்று கீழே இறங்கி, இதைவிடக் குறைந்த வேகத்துக்கான எச் குறியீடு உள்ள டயரை இந்த வண்டிக்குப் போடாதீர்கள்.

வெளிநாட்டு ஒப்பீடுகளைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பாதி விவாதம் ஆல்-சீசனா, சம்மர் டயரா, குளிர்காலத்துக்குத் தனி செட்டா என்பதில் போய்விடுகிறது. சம்மர் டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும் என்பதால் அவர்களுக்கு அந்தக் கவலை நியாயமானது. சென்னையில் அந்தக் கேள்வியே கிடையாது. வருடம் முழுக்க சம்மர் டயர்தான், கண்ணை மூடிக்கொண்டு போடலாம். டயரின் சுவரில் இருக்கும், எவ்வளவு உழைக்கும் என்று காட்டும் ட்ரெட்வேர் எண்ணையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். அது அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு சுற்றுப்பாதையில் சுமார் 11,600 கிலோமீட்டர் ஓட்டி, ஒப்பீட்டு டயரோடு வைத்து, தயாரிப்பாளரே தன் டயருக்குக் கொடுத்துக்கொள்கிற எண். ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும். ஒரு கம்பெனியின் 320-ஐ இன்னொரு கம்பெனியின் 400-ஓடு வைத்து, இது கால் பங்கு அதிகம் உழைக்கும் என்று கணக்குப் போட முடியாது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி எல்லோரும் சொன்னதுதான்: மேல்வகுப்பு ஸ்போர்ட் டயர். மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4, அதற்கு அடுத்து வந்த 5, குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் வரிசை, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆகியவை இந்த வகுப்பு. இவற்றைப் பற்றிப் பலரிடம் இருக்கும் தவறான எண்ணம், இவை வேகமாகப் போவதற்கான டயர்கள், தினசரி ஓட்டத்துக்கு வீண் என்பது. உண்மையில் இந்த வகுப்பு தன் விலையை நியாயப்படுத்துவது மழையில்தான். சிலிகா கலந்த ரப்பர், நீரை வெளியே தள்ளுகிற ஆழமான நேர் வரிகள், வளைவில் தரையை விடாத கனமான வெளித்தோள் (தரையைத் தொடும் பகுதி பக்கச்சுவரோடு சேரும் விளிம்பு), மூன்றும் சேர்ந்து நனைந்த ரோட்டில் ஒரு நிதானத்தைத் தருகின்றன. நண்பர் ஒருவரின் வண்டியில் இந்த வகுப்பு டயர்தான். போன நவம்பரில் அவரோடு ஈசிஆரில் கொட்டும் மழையில் வந்தபோது, வண்டி ஒவ்வொரு குட்டையையும் கடந்த விதத்தில் எனக்கு அது புரிந்தது. ஸ்டீயரிங் ஒருமுறைகூட லேசாகிப்போகவில்லை. என் மூன்று மில்லிமீட்டர் டயர்கள் அதே ரோட்டில் அறுபதுக்கு மேல் போனாலே மிதக்க ஆரம்பித்துவிடும்.

இந்த வகுப்பின் சிக்கல் இரண்டு. ஒன்று உழைப்பு: மென்மையான ரப்பர், முன்வீல் இழுப்பு, ஓஎம்ஆரின் நிறுத்திப் புறப்படுகிற ஓட்டம் எல்லாம் சேர்ந்தால் நாற்பதாயிரம் கிலோமீட்டரை எதிர்பார்க்காதீர்கள். என் முதல் செட்டே 31,000-தான் வந்தது, இடையில் ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டும். இரண்டாவது, 90 மில்லிமீட்டர் சுவர். டயர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், மழைத் தண்ணீர் மூடிய ஒரு பள்ளத்தின் கூர்மையான விளிம்பில் எழுபதில் மோதினால், ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவே சுவர் நசுங்கி, உள்ளே இருக்கும் கார்டு நூல்கள் அறுந்து வீங்கிவிடும். அது எந்தக் கம்பெனியின் குற்றமும் இல்லை. அதை ஒட்டவும் முடியாது, பஞ்சர் கடையில் யாராவது முடியும் என்று சொன்னால் அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது வழி நடுவகுப்பு. கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட் எம்சி6, அதன் பின் வந்த எம்சி7, யோகோஹாமா அட்வான் ஃப்ளேவா வி701 போன்றவை. எனக்குச் சொல்லப்பட்ட விலைகளில் மேல்வகுப்பு நான்கும் சேர்ந்து எண்பதாயிரத்தை ஒட்டியும், இவை அறுபதாயிரத்தை ஒட்டியும் இருந்தன. கடைக்குக் கடை மாறும், ஆனால் இடைவெளி ஏறத்தாழ இதுதான். இவற்றில் கான்டினென்டல் வரிசை ஆசிய பசிபிக் சந்தைகளை மனதில் வைத்து வந்தது, நம் வெயிலுக்கும் ரோட்டுக்கும் பொருந்துகிறது என்பது ஓட்டுகிறவர்களிடம் பொதுவாகக் கேட்கிற பேச்சு. ஃப்ளேவா ஒரே திசையில் மட்டும் உருள வேண்டிய டயர், வரிகள் அம்புத்தலை மாதிரி இருக்கும். தண்ணீரைப் பிளப்பதில் அந்த வடிவம் நல்லது, ஆனால் இடது டயரை வலதுக்கு மாற்ற வேண்டுமானால் ரிம்மில் இருந்து கழற்றித் திருப்பிப் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்தால் இது தொந்தரவு. உள்பாதிக்கும் வெளிப்பாதிக்கும் வேறு வேறு வரிகள் உள்ள அசிமெட்ரிக் டயரில் அந்தத் தொல்லை இல்லை, "அவுட்சைடு" என்று அச்சிட்ட பக்கம் வெளியே இருந்தால் போதும். போட்டு முடித்ததும் நான்கையும் சுற்றி வந்து அந்தச் சொல்லை நீங்களே படித்துவிடுங்கள், அவசரத்தில் ஒன்றைத் திருப்பி மாட்டிவிடுவது நடக்கிற விஷயம்தான்.

மேல்வகுப்பு கைக்கு எட்டவில்லை என்றால் கவலையே இல்லாமல் நடுவகுப்பை வாங்கலாம் என்பது என் கருத்து. நூற்றுக்குத் தொண்ணூறு சூழ்நிலைகளில் வித்தியாசம் தெரியாது. தெரிகிற அந்தப் பத்து, நனைந்த ரோட்டில் திடீர் பிரேக் என்பதால்தான் நான் மேலே போக ஆசைப்படுகிறேன்.

மூன்றாவது, சொகுசு டயர். மிஷ்லின் பிரைமசி 4 மாதிரி. இதை நான் சீரியஸாகவே யோசித்தேன். சத்தம் குறைவு, பள்ளங்களில் மென்மை, உழைப்பும் கூடுதல். மழையில் இவை மோசம் என்பதும் பழைய கதை, இந்த வகையின் நல்ல டயர்கள் ஐரோப்பிய லேபிளில் ஈரப்பிடிப்புக்கு உச்ச மதிப்பான ஏ வாங்குகின்றன. அப்புறம் ஏன் விட்டேன்? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் இடமும் வலமும் மாற்றி மாற்றி எடையைத் தூக்கிப் போடும்போது சொகுசு டயரின் தோள் மடிந்து, ஸ்டீயரிங் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவே ஒரு கணம் விழுகிறது. இந்த வண்டியை வாங்கியதே அந்தக் கணம் இல்லாததற்காகத்தான். ஆனால் மலைப்பக்கமே போகாமல், வேகமான என்ஜினை நெடுஞ்சாலையில் முந்துவதற்கு மட்டும் பயன்படுத்துகிறவர் என்றால் இதை எடுங்கள், உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றி சொல்வார்கள்.

அப்போலோ நிறுவனம் 2009-இல் வாங்கிய நெதர்லாந்து பிராண்டான வ்ரெடெஸ்டைனின் டயர்களையும் பார்த்தேன். 2021 முதல் அந்தப் பெயரிலேயே இங்கே விற்கிறார்கள். விலைக்கு நல்ல தேர்வு. என் அளவில் நான்கும் ஒரே மாதத் தயாரிப்பாகக் கிடைத்திருந்தால் நடுவகுப்பில் இதற்கே என் ஓட்டு. ட்ராக் டயர்கள் பக்கம் போகவே வேண்டாம். இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் பந்தயப் பாதையில் வாரயிறுதி ஓட்டுகிறவர்கள் தனி வீல் செட்டில் அவற்றை வைத்துக்கொள்கிறார்கள், அதுதான் முறை. தண்ணீர் வெளியேற வரிகளே குறைவாக இருக்கும் அவற்றோடு வடகிழக்குப் பருவமழையில் வேலைக்குப் போவது ஆபத்து.

இப்போது யாரும் எனக்குச் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன்: டயரின் வயது. 2020 ஜூன் 12 அன்று மத்திய அரசு புதிய டயர் இறக்குமதியைத் தடையற்ற பட்டியலில் இருந்து கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியது. அதிலிருந்து, இங்கே தயாராகாத அளவுகளில் நல்ல டயர் கிடைப்பது அனுமதி கிடைத்து சரக்கு வந்து சேர்வதைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது. கடைக்காரர்கள் கிடைக்கும்போது வாங்கி வைக்கிறார்கள், என் அளவை ஓட்டுகிறவர்கள் குறைவு என்பதால் அது ரேக்கிலேயே தூங்குகிறது. நான் விசாரித்த ஒரு கடையில் ஆசைப்பட்ட டயரே இருந்தது, சொன்ன விலையும் நியாயம். சுவரில், டயர் எப்போது தயாரானது என்று காட்டும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்த்தேன். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இரண்டு டயர் கிட்டத்தட்ட மூன்று வருடப் பழசு, மற்ற இரண்டும் வேறு வருடம். கேட்டதற்கு, "சார், இந்த சைஸ்ல ஸ்டாக் ஓடாது, வந்தா வாங்கி வச்சிடுவோம், ரப்பருக்கு ஒண்ணும் ஆகாது சார்" என்றார். நிழலில் சரியாக வைத்த டயருக்கு ஒரு வருடத்தில் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் மூன்று வருடத்தை நம் ஊர் வெப்பத்தில், தகரக் கூரைக்குக் கீழே கழித்த ரப்பருக்கு முழு விலை கொடுக்க நான் தயாரில்லை. ஆறு மாதத்து நடுவகுப்பு டயரா, மூன்று வருடத்து மேல்வகுப்பு டயரா என்று வந்தால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். கூடவே சுவரில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த டயர் எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள்.

இந்த இடத்தில்தான் கடைசி வழி எனக்குத் தெரிய வந்தது: ரிம்மை ஒரு இன்ச் குறைப்பது. இதற்கு முன் 2017-இல் இங்கே வந்த விஆர்எஸ் 230-க்கு 17 இன்ச் வீல், டயர் 225/45 ஆர்17. கணக்குப் பாருங்கள். 18 இன்ச்சில் டயரின் மொத்த விட்டம் 637 மில்லிமீட்டர், 17 இன்ச்சில் 634. அரை சதவீதம்கூட வித்தியாசம் இல்லை, ஸ்பீடோமீட்டருக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் எதுவும் தெரியாது. ஆனால் பக்கச்சுவர் 90-இல் இருந்து 101 மில்லிமீட்டராக உயர்கிறது. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே கூடுதலாக 11 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும். டயர் விலையும் இறங்குகிறது, பல கார்களுக்குப் பொதுவான அளவு என்பதால் சரக்கு தேங்காமல் நகர்கிறது, அதனால் புதிய தேதியும் கிடைக்கிறது. என் முதல் மூன்று தேவைகளையும் ஒன்றாகத் தீர்க்கிற வழி இது ஒன்றுதான்.

இழப்பும் உண்டு. வண்டி பார்க்க கொஞ்சம் அடங்கிவிடும், வீல் ஆர்ச்சுக்குள் இடைவெளி அதிகமாகத் தெரியும், எனக்கே முதல் நாள் மனம் ஒப்பவில்லை. ஸ்டீயரிங்கின் முதல் கூர்மையும் ஒரு துளி குறையும், ஆனால் மேல்வகுப்பு டயரின் விறைப்பான தோள் அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். 17 இன்ச்சில் மேல்வகுப்பு டயர், 18 இன்ச்சில் நடுவகுப்பை விட என் ஓட்டத்துக்கு எல்லா விதத்திலும் பொருத்தம். ரிம் வாங்கும்போது 5x112 போல்ட் அமைப்பு, 57.1 மில்லிமீட்டர் நடுத்துளை இரண்டும் சரியாக இருக்க வேண்டும், ஆஃப்செட்டும் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு) அசலை ஒட்டி இருக்க வேண்டும். எல்லா 17 இன்ச் ரிம்மும் முன் பிரேக் காலிப்பரைத் தாண்டி உட்காராது என்பதால், ஒரு ரிம்மை டயர் இல்லாமல் மாட்டிச் சுற்றிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். நான் விஆர்எஸ் 230-இன் அசல் ரிம் ஒரு செட்டைப் பழைய விலைக்குப் பிடித்தேன். நான்கையும் பேலன்ஸிங் மெஷினில் சுழற்றி, கோணல் இல்லை என்று பார்த்த பிறகுதான் எடுத்தேன். அசல் 18 இன்ச் வீல்கள் வீட்டில் துணி சுற்றி இருக்கின்றன.

இரண்டு மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதும், ஆனால் புதியவை பின்பக்கம்தான் போக வேண்டும். முன்வீல் வண்டிதானே, இழுக்கிற பக்கம் புதுசு போடலாம் என்று தோன்றும், கடைகளிலும் அப்படித்தான் மாட்டிவிடுகிறார்கள். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். பின்பக்கம் வழுக்கினால் சுழலும், அதைப் பிடிப்பது பழகியவர்களுக்கே கடினம். ஒரே அச்சில் இடமும் வலமும் வேறு வேறு டயர் என்பது இந்த டிஃபரென்ஷியலோடு கூடவே கூடாது. எனக்கு ஒன்று வீங்கி இரண்டு தேய்ந்ததால் நான்கும் மாற்றினேன்.

போட்டு முடித்ததும் வீல் போல்ட்டுகளை 120 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கச் சொல்லுங்கள், இம்பாக்ட் கன்னோடு விட்டுவிட வேண்டாம். காற்றழுத்தம் பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரில் இருக்கிறது, கடைக்காரர் எல்லா வண்டிக்கும் வைக்கிற 35 பிஎஸ்ஐ-ஐ விட்டுவிட்டு அதன்படி, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். டயரின் சூடு ஐந்தாறு டிகிரி ஏறினால் சுமார் ஒரு பிஎஸ்ஐ கூடும் என்பதால் மதியத்தில் பார்க்கிற அளவை நம்ப முடியாது. நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

இப்போது வண்டியில் இருப்பது 225/45 ஆர்17 பைலட் ஸ்போர்ட் 4, நான்கும் ஒரே வாரத் தயாரிப்பு, வாங்கிய அன்று வயது ஐந்து மாதம். முதல் சில நூறு கிலோமீட்டர் மேல்பூச்சு போகும் வரை மெதுவாக ஓட்டினேன். போன வாரம் முதல் பெரிய மழை. வேளச்சேரி பக்கம் தண்ணீர் மூடிய ஒரு பள்ளத்தில் இடது முன் சக்கரம் நன்றாகவே இறங்கியது. வீட்டுக்கு வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி, டார்ச் அடித்து, கையை உள்பக்கம் விட்டு சுவரைச் சுற்றிலும் தடவிப் பார்த்தேன், வீக்கம் எதுவும் இல்லை. அப்படித் தடவிப் பார்ப்பதை இப்போது மாதம் ஒருமுறை நான்குக்கும் செய்கிறேன்.